மலையும் வெயிலும் மாந்தரும்: தென் இத்தாலியப் பிரயாண எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

1

பிரயாண நூலொன்றை ஆராயப் புகுவோர், நூலாசிரியர் எவற்றைக் கண்டார் என்பதையே பெரும்பாலும் வினவுவர். அவர் எவற்றைக் காணாது சென்றார், அதற்கு ஏதுவாயிருந்த சமூகநிலை யாது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவை எழுப்பப்படாதவிடத்துப் பிரயாண இலக்கிய விமர்சனம் வெறும் இரசனைக் குறிப்பாக முடிந்துவிடுகின்றது. தென் ஐரோப்பாவின் மலைகளையும் வெயில் நகரங்களையும் பற்றி எழுந்த எழுத்துக்களுட் சிலவற்றை, குறிப்பாகச் சிசிலியையும் தென் இத்தாலியையும் பற்றியவற்றை, இந்நோக்கில் அணுக இக்கட்டுரை முயல்கின்றது.

வடபுலத்தார் தெற்கே செல்லும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயப் பிரபுக்கள் தம் மைந்தரை ஆசான் ஒருவருடன் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அனுப்பினர். குடியானவரிடமிருந்து பெற்ற நிலவாடகையே அக்கல்விக்கு ஆதாரமாயிருந்தது. அவர்களிற் பலருக்கு அல்ப்ஸ் மலை கடந்தாகவேண்டிய ஓர் இடையூறு மாத்திரமே. பதினெட்டாம் நூற்றாண்டிற் கவிஞர் சிலர் அதன் எழிலைப் பாடினரெனினும், மலையை நாடிச் செல்லுதல் பரந்துபட்ட வழக்கமாகியமை கைத்தொழிற் புரட்சியின் பின்னராகும். நகரத்தின் புகையைத் தோற்றுவித்த வர்க்கமே அப்புகையிலிருந்து நீங்கவும் வசதி பெற்றிருந்தது. தோமஸ் குக் 1863இல் சுவிற்சர்லாந்துக்கும் 1864இல் இத்தாலிக்கும் கூட்டுப் பிரயாணங்களை ஒழுங்குசெய்தார். 1871இல் லெஸ்லி ஸ்டீபன் அல்ப்ஸ் பற்றிய தம் நூலுக்கு 'ஐரோப்பாவின் விளையாட்டுத் திடல்' எனப் பெயரிட்டார். மலை மாறவில்லை, அதனைப் பார்ப்போரின் வாழ்க்கையே மாறிவிட்டது.

2

இத்துறையில் முதன்மை வாய்ந்த நூல் கதேயின் 'இத்தாலியப் பயணம்' ஆகும். வைமார் அரசவையின் அமைச்சராயிருந்த கதே 1786 செப்டெம்பரில் மாற்றுப் பெயருடன் தெற்கே புறப்பட்டார். 1787 ஏப்ரலில் ஓவியர் நீப்புடன் கடல் மார்க்கமாகப் பலேர்மோவை அடைந்தார். நாட்குறிப்புக்களையும் கடிதங்களையும் ஆதாரமாகக் கொண்ட நூலின் முதலிரு பகுதிகள் 1816, 1817ஆம் ஆண்டுகளிலேயே வெளிவந்தன. எனவே, நாம் படிப்பது முதியவர் ஒருவர் செப்பனிட்ட இளமைக் காட்சியாகும் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பலேர்மோவுக்கு அண்மையிலுள்ள பள்ளத்தாக்கொன்றில் நிகழ்ந்ததாகக் கதே கூறும் சம்பவமொன்று ஆய்வுக்குரியது. வழிகாட்டி, ஹனிபால் முன்பு அவ்விடத்தில் நிகழ்த்திய போரை விவரிக்கத் தொடங்குகின்றான். இத்தகைய ஆவிகளை எழுப்பி அமைதியைக் குலைக்கலாகாதெனக் கதே அவனைக் கடிந்துகொள்கின்றார். பின்னர் ஆற்றுப்படுகையிற் கற்களைத் தேடிப் பொறுக்குகின்றார். நிலத்தின் அழகும் நிலவியலும் அவருக்கு வேண்டும். அந்நிலத்திற் சிந்தப்பட்ட இரத்தம் வேண்டியதில்லை. இயற்கையையும் வரலாற்றையும் வேறுபடுத்தி, முன்னதை மட்டும் நுகரும் உல்லாசப் பிரயாணியின் மனோபாவம் இங்கு ஒரு மேதையின் எழுத்தில் வெளிப்படுகின்றது.

எனினும் கதேயை இத்துடன் ஒதுக்கிவிடுவது நேர்மையான விமர்சனமாகாது. அதே பலேர்மோவில் வீதிகளிற் குவிந்துகிடக்கும் குப்பையைப் பற்றி அவர் கடைக்காரர் ஒருவரை வினவுகின்றார். குப்பையை அகற்றினால் அதன்கீழுள்ள மோசமான கற்றளம் வெளிப்பட்டு, பொதுப்பணம் போன வழியும் தெரிந்துவிடும் என்பது ஊரார் பேச்சு. மாலையில் வண்டியிற் செல்லும் பிரபுக்களுக்குத் தரை மிருதுவாயிருக்கவேண்டும் என்பது அவர்களது ஏளனம். நகரொன்றின் வர்க்க உறவை இச்சிறு உரையாடல் துலக்கமாக்குகின்றது. மேலும், சிசிலி 'தானியக் களஞ்சியம்' எனப்பட்டதன் பொருளை அறியவேண்டி, கரையோரத்தின் புகழ்வாய்ந்த தலங்களை விடுத்து உள்நாட்டினூடே கல்தனிசெத்தாவுக்குச் சென்றார். அங்கு தகுந்த விடுதியில்லை. முடிவில்லாத கோதுமை வயல்களைக் கண்டு சலிப்புற்றதை அவர் மறைக்கவுமில்லை. காட்சி இன்பத்தைத் துறந்து உற்பத்தியைக் காணச் சென்ற இப்பகுதி, நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றெனலாம். ஆனால் மண்ணையும் பயிரையும் நுணுகி நோக்கிய கண், அவ்வயல்கள் எவருக்குரியன என்னும் வினாவை மையமாக்கவில்லை. சிசிலியில் நிலமானிய முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1812இலாகும். பெருநிலவுடைமை 1950ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தம் வரை நிலைத்திருந்தது. கதேக்குச் சலிப்பூட்டிய ஒரேதன்மைத்தான அவ்வயற்பரப்பு இயற்கையின் படைப்பு மட்டுமன்று; உடைமை உறவின் தோற்றமுமாகும்.

3

கதேயிடம் முரண்பாடாயிருந்தது, பிற்காலத்து வழிகாட்டி நூல்களிற் சூத்திரமாகிவிடுகின்றது. பிரெஞ்சு விமர்சகர் றோலண்ட் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' என்னும் நூலில், ஸ்பெயின் பற்றிய 'நீல வழிகாட்டி'யை ஆராய்ந்தார். அவ்வழிகாட்டியில் நிலம் மேடுபள்ளமாயிருந்தாலன்றி அழகுடையதாகாது. சமவெளிக்கு அங்கு மதிப்பில்லை. மலையேற்றத்தை ஒழுக்கப் பயிற்சியாகக் கருதிய பூர்ஷ்வா மனோபாவத்தின் எச்சமே இதுவென்பது பார்த்தின் கருத்து. மாந்தரோ நினைவுச்சின்னங்களின் பின்னால் மறைந்துபோகின்றனர். தோன்றும்போதும் இனத்துக்கொரு குணமாக, நாடக வேடங்களாகவே தோன்றுகின்றனர். பிராங்கோவின் சர்வாதிகாரத்தின் கீழிருந்த ஒரு நாட்டைப் பற்றிய நூல் இவ்வாறு அமைந்தமை தற்செயலானதன்று. அவ்வாட்சி 1960களில் வெயிலையும் கடற்கரையையும் அந்நியச் செலாவணியாக மாற்றியது.

ஜெர்மானிய எழுத்தாளர் ஹன்ஸ் மக்னஸ் என்சென்ஸ்பெர்கர் 1958இல் எழுதிய கட்டுரையில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். கைத்தொழிற் சமூகத்திலிருந்து தப்பியோடும் வேட்கையே உல்லாசப் பிரயாணம். அவ்வோட்டமும் ஒரு கைத்தொழிலாகிவிடுகின்றது. பிரயாணியை இழித்துரைக்காது, அவரது வேட்கையில் விடுதலை உணர்வொன்று பொதிந்திருப்பதை ஏற்றுக்கொண்டமை அக்கட்டுரையின் சிறப்பாகும்.

4

தெற்கை ஓய்விடமாகக் காணாத எழுத்துக்களும் உள. 1926இல் அந்தோனியோ கிராம்சி 'தெற்குப் பிரச்சினை' பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரை, அவர் கைதானதால் முற்றுப்பெறவில்லை. தெற்கத்தியர் பிறப்பிலேயே சோம்பேறிகள் என்னும் கருத்தை வடபகுதி முதலாளித்துவம் பரப்பியதையும், சோஷலிஸ்டுகள் சிலரும் அதற்கு உடந்தையாயிருந்ததையும் அவர் அதிற் கண்டித்தார். பிரயாணிக்கு 'வெயிலின் இனிய மந்தமாக'த் தோன்றியதே, அரசியல்வாதிக்கு 'இனக் குறைபாடாக'த் தோன்றியது. கைதான கிராம்சி முதலில் அனுப்பப்பட்ட இடம் பலேர்மோவுக்கு வடக்கேயுள்ள உஸ்திக்கா தீவு. இன்று அத்தீவு கடலில் மூழ்கி மகிழ்வோரின் விடுமுறைத் தலமாக விளங்குகின்றது.

மருத்துவம் பயின்ற ஓவியரான கார்லோ லேவி 1935இல் பாசிச அரசினால் லுக்கானியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்ற அவரது நூல் 1945இல் வெளிவந்தது. அவரும் வடக்கிலிருந்து தெற்கே சென்றவரே. ஆனால் விரும்பிய நாளில் திரும்பிச்செல்லும் உரிமை அவருக்கில்லை. இவ்வுரிமையின்மையே அவரது பார்வையை மாற்றியதெனலாம். மலேரியா, வரி, அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பியோர், அரசை அந்நியமாகக் கருதும் விவசாயிகள் ஆகிய அனைத்தும் அந்நூலில் இடம்பெறுகின்றன. விவசாயியை வரலாற்றுக்குப் புறம்பானவனாக லேவி சித்திரித்தார் எனப் பொதுவுடைமையாளர் மாரியோ அலிகாட்டா 1954இற் கண்டித்தார். அக்கண்டனத்தில் நியாயமுண்டு. விவசாயிகளின் போராட்ட ஆற்றலை லேவி குறைத்தே மதிப்பிட்டார்.

லேவியின் நூலில், மத்தேரா நகரின் குகை வீடுகளைக் கண்ட அவரது சகோதரி, அங்குள்ள சிறுவர்கள் தம்மிடம் கொயினா மருந்தை இரந்ததாகக் கூறுகின்றார். 1952இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அக்குகைகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1993இல் அவை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. 2019இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராயிற்று. குகைகளிற் பல இன்று விருந்தினர் விடுதிகள். வறுமை ஒழிந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவ்வறுமையின் தோற்றம் மட்டும் பேணப்பட்டு விற்பனைப் பண்டமாகியிருப்பதை விமர்சகன் கவனியாதிருத்தல் இயலாது.

5

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். பிரபுக்கள் சென்றபோது கலைப்பயணம் எனப் போற்றப்பட்டது, தொழிலாளர் செல்லும்போது 'மந்தைக் கூட்டம்' என இகழப்படுகின்றதன்றோ? இம்மறுப்பு வலுவானது. 1936இல் பிரான்சியத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களின் மூலமே இரு வாரச் சம்பள விடுமுறையை வென்றெடுத்தனர். ஓய்வு போராடிப் பெற்ற உரிமை. முற்போக்கு விமர்சனம் பிரபுத்துவ இரசனையின் குரலில் உல்லாசப் பிரயாணியை நகையாடுமாயின், தன் அடிப்படையையே இழந்துவிடும்.

பிரச்சினை ஓய்வில் இல்லை. ஓய்வு எவ்வுடைமை முறையினூடாக வழங்கப்படுகின்றது என்பதிலேயே உள்ளது. வெனிசின் பழைய நகரில் 1951இல் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000இற்கும் கீழே சென்றது. 2024 ஏப்ரல் முதல் குறித்த சில நாட்களில் அங்கு பகற்பொழுதுக்கு மாத்திரம் வருவோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. அதே ஆண்டு, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளின் உரிமங்களை 2028இற்குமேல் நீடிப்பதில்லையெனப் பார்சலோனா நகரமுதல்வர் அறிவித்தார். இங்கு மோதுவது பயணிக்கும் குடியிருப்பாளருக்குமிடையிலான பகைபோலத் தோன்றுகின்றது. உண்மையில் வீட்டை வசிப்பிடமாகக் கொள்வோருக்கும் முதலீடாகக் கொள்வோருக்குமிடையிலான முரண்பாடே அதுவாகும்.

மலையில் மகிழ்ந்திருக்கும் உரிமைக்காக உயிர் துறந்தோரும் உளர். பலேர்மோவுக்குத் தெற்கேயுள்ள போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்திரா கணவாயில் 1947 மே 1ஆம் நாள் விவசாயக் குடும்பங்கள் மே தினத்தைக் கொண்டாடக் கூடியிருந்தன. நிலத்துக்கான போராட்டம் முனைப்புற்றிருந்த காலம்; பிராந்தியத் தேர்தலில் இடதுசாரிகள் வெற்றியீட்டிச் சில நாட்களே சென்றிருந்தன. சல்வத்தோரே ஜூலியானோவின் கொள்ளைக் கூட்டத்தினர் மலைச்சரிவிலிருந்து சுட்டதிற் பதினொருவர் மாண்டனர். கதே வழிகாட்டியின் வாயை அடைத்த அதே நிலப்பகுதியின் கதை இது. ஆவிகளை எழுப்பாத பிரயாண எழுத்து இவர்களையும் எழுப்பாது.

6

பலேர்மோவின் மேலாக உயர்ந்து நிற்கும் பெல்லெக்றீனோ மலையிற் புனித றொசாலியாவின் குகைக்கோயில் உள்ளது. 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது நகரைக் காத்தவராகப் போற்றப்படுபவர் அவர். 1787இல் அங்கு சென்ற கதே, ஆரவாரமற்ற அக்குகையின் எளிமையிலும் புனிதையின் சிலையின் அழகிலும் மெய்ம்மறந்து அமர்ந்திருந்ததை எழுதியுள்ளார். 1980கள் முதல் பலேர்மோவிற் குடியேறிய இலங்கைத் தமிழரும், கத்தோலிக்கர் இந்துக்கள் என்ற வேறுபாடின்றி, அதே மலைக்கு வழிபடச் செல்கின்றனர். போரினாற் புலம்பெயர்ந்து, பிறர் வீடுகளைத் துப்புரவாக்கியும் முதியோரைப் பராமரித்தும் வாழ்வோர் அவர்களிற் பலர். வாரத்தில் ஓய்வு கிடைக்கும் நாளே அவர்களது மலையேற்றத்தின் நாள். லேவியைப் போலவே அவர்களும் தம் விருப்பத்தால் மட்டும் அங்கு சென்றவரல்லர்.

ஏ. கே. செட்டியார் முதலானோர் தமிழிற் பிரயாண இலக்கியத்துக்கு அகன்ற தளமொன்றை அமைத்துத் தந்தனர். ஆயின், ஐரோப்பாவைக் காணச் சென்றவரின் எழுத்து வேறு. ஐரோப்பாவில் உழைக்கச் சென்றவரின் எழுத்து வேறு. விருந்தினர் விடுதியின் பலகணியிலிருந்து தெரியும் மலையும், அவ்விடுதியின் படுக்கை விரிப்பை மாற்றுபவருக்குத் தெரியும் மலையும் ஒன்றல்ல. இரண்டாவது பார்வையே கதேயும் லேவியும் விட்ட இடத்தை நிரப்பவல்லது. அத்தகைய எழுத்துக்களை இனங்கண்டு, தொகுத்து, மதிப்பிடுவது நம் விமர்சனத்துறையின் முன்னுள்ள பணியாகும்.