ஃபார்மட் அடித்த டிஸ்க்கில் என்ன மிச்சம்?

"ஃபார்மட் அடிச்சாச்சு, உள்ளே ஒண்ணும் இல்லைங்க." புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரிலோ பாகூரிலோ பழைய கம்ப்யூட்டரை விற்கக் கொண்டுபோகிறவருக்குக் கடையில் கிடைக்கிற உறுதிமொழி இது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கைமாறுகிற பெட்டிகள் இனி கூடத்தான் செய்யும். அந்த உறுதிமொழியை நம்பலாமா?

என்னிடமிருந்த 160 ஜிபி டிஸ்க் ஒன்றில் சோதித்தேன். எங்கள் சிவப்பு ரேஷன் அட்டையின் ஸ்கேனை அதில் போட்டு, குயிக் ஃபார்மட் கொடுத்தேன். சில நொடிகளில் முடிந்தது. டிரைவ் காலி என்று காட்டியது. பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அட்டை அப்படியே திரும்பி வந்தது: அம்மாவின் படம், எங்கள் பெயர்கள், ஓரத்தில் இருந்த மடிப்புக் கோடு உட்பட. கோப்பின் பெயர் மட்டும் ஏதோ ஓர் எண்ணாக மாறியிருந்தது.

காரணம் எளிது. குயிக் ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் புதிதாக எழுதுகிறது. சர்வே பதிவேட்டைக் கிழித்துப் போட்டால் நிலம் காணாமல் போய்விடுமா? முழு ஃபார்மட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எக்ஸ்பி காலத்தில் அது டிஸ்க்கில் பழுது இருக்கிறதா என்று படித்துப் பார்த்ததே தவிர, இருந்ததை அழிக்கவில்லை. விஸ்டாவிலிருந்துதான் முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது. அமெரிக்காவில் கார்ஃபிங்கல், ஷெலாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 158 பழைய டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டவை வெறும் 12.

இந்த ஊர்களில் இது ஏன் முக்கியம்? 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கம்ப்யூட்டர் கோயில் வளாகத்திலேயே இருந்தது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் முழுக்கக் கேட்க வேண்டிய செய்தியைத் தாங்கிய பெட்டிகள் அவை. இன்று பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் கிடப்பவை ஊரான் பார்க்கக் கூடாதவை: ஆதார் நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், பத்திரம். யாருடைய காகிதமோ அவருக்கு அந்தப் பெட்டி விலைபோனதே தெரியாது.

அழிய வேண்டியது நிற்கிறது. நிற்க வேண்டியதோ போய்விடுகிறது. விண்டோஸை மறுபடி போட்டுத் தரும்போது கடைக்காரர்கள் "சி டிரைவ் மட்டும்தான், டி-யில கை வைக்கலை" என்பார்கள். டெஸ்க்டாப்பும் மை டாக்குமெண்ட்ஸும் சி-யில்தான் இருக்கின்றன. அதைவிடக் கொடுமை எழுத்துருவுக்கு நேர்வது. யூனிகோடு பரவலாகுமுன் வானவில், பாமினி போன்ற ஃபான்ட்களில் அடித்த மனுக்களும் சங்கக் கணக்குகளும் டி-யில் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த ஃபான்ட் சி-யோடு போயிருக்கும். கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பை. எழுத்துருவின் பெயர் தெரிந்தவர் கிடைத்தால் மீட்கலாம். தெரியாதவர் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதையும் அழித்துவிடுவார்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. 500 ஜிபி டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுத இரண்டு மணி நேரம் பிடிக்கும். வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார், கரண்ட் எப்போது போகுமோ தெரியாது. ஆனால் அது நேரம் கேட்க வேண்டிய காரணம். "ஒண்ணும் இல்லை" என்று சொல்வதற்கான காரணம் அல்ல. சுத்தியலால் உடைத்துவிடு என்கிற எதிர்த்தரப்பையும் ஏற்க மாட்டேன். இலகுவான லினக்ஸ் போட்டால் ஒரு மாணவிக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் டிஸ்க்கை ஏன் இ-கழிவாக்க வேண்டும்? 35 முறை எழுத வேண்டும் என்ற பயமும் வேண்டாம். 1996-இல் பீட்டர் கட்மன் அன்றைய டிஸ்க் வகைகள் அத்தனைக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. இன்றைய காந்த டிஸ்க்குக்கு ஒருமுறை போதும் என்றது அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் 2014 வழிகாட்டுதல்.

என் தீர்ப்பு: குயிக் ஃபார்மட் செய்த டிஸ்க்கை வெறும் டிஸ்க் என்று விற்பது தவறு. முதலில் கோப்புகளை, ஃபான்ட்ஸ் ஃபோல்டரோடு சேர்த்து வேறிடத்தில் எடுத்துவைக்க வேண்டும். பிறகு ஒருமுறை முழுக்கப் பூஜ்யம். அதன் பிறகே ஓ.எஸ். எஸ்எஸ்டி என்றால் பூஜ்யம் எழுதுவதை நம்பக் கூடாது. அதற்கென உள்ள செக்யூர் இரேஸ் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு எழுதவே மறுக்கிற டிஸ்க்கைக் காயலான் கடையில் எடைக்குப் போடாமல், கழற்றித் தட்டுகளைக் கீறி, அதன் பிறகு இ-கழிவாகக் கொடுக்கலாம்.