தரைக்குள் ஒரு முற்றம்

துனிசியாவின் தெற்கே மத்மாத்தா ஊரில் பெர்பர் மக்கள் வீட்டைத் தரைக்குள் தோண்டினார்கள். முதலில் சுமார் 7 மீட்டர் ஆழத்தில் வட்டமான பெரிய குழி. அதுதான் முற்றம். அதன் சுவர்களைக் குடைந்து சுற்றிலும் அறைகள். மேட்டின் ஓரத்திலிருந்து சரிவான சுரங்கப்பாதை வாசலாகிறது. அங்குள்ள மண் கையால் வெட்டும் அளவுக்கு மென்மை, இடியாமல் நிற்கும் அளவுக்கு உறுதி. கூரைக்கு மரமோ, சுவருக்குச் செங்கல்லோ தேவையில்லை. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளுமை. குளிர்கால இரவில் கதகதப்பு. வெள்ளையடித்த சுவர்கள் முற்றத்து வெளிச்சத்தை அறைக்குள் கொண்டுவருகின்றன.

இப்படிப்பட்ட குழிவீடுகளை இணைத்து உருவானது ஸிதி த்ரிஸ் ஓட்டல். 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் வேற்றுக்கிரகத்தில் வளர்ந்த பண்ணைவீடு இதுதான். ஆனால் வீட்டின் வெளிப்புறமாகத் தெரியும் குவிமாடத்தைத் தொலைவில், நெஃப்தா அருகே உப்புப் பாலைவெளியில் எடுத்தார்கள். திரையில் இரண்டும் ஒரே வீடு. 2002இல் வந்த இன்னொரு 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காகக் குழுவினர் மறுபடியும் இங்கே வந்தார்கள்.

படத்தில் வந்த சாப்பாட்டு அறையில் புகைப்படம் எடுத்துக்கொள்ளத்தான் பலரும் வருகிறார்கள். தவறில்லை. ஆனால் வேற்றுக்கிரக வீட்டுக்கு அங்கே அலங்காரம் கொஞ்சம்தான் தேவைப்பட்டது. பாராட்டு முதலில் குழி தோண்டியவர்களுக்கே சேரவேண்டும்.