காலையில் பறவை, வெயிலில் தட்டான்

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்தில் பெரம்பலூரை நெருங்கும்போது, இடப்பக்க ஜன்னலில் நீளமாக ஒரு மலை கூடவே வரும். அதுதான் பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இது திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அதன் பெரம்பலூர் பக்க அடிவாரத்தில் லாடபுரத்தை ஒட்டி மயிலூற்று அருவியும், தொண்டமாந்துறைப் பக்கம் கோரையாறு அருவியும், அன்னமங்கலத்துக்கு அருகே விசுவக்குடி அணையும் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை பிடித்தபின், ஐப்பசி கடைசி முதல் தை முடியும் வரை, இந்த மூன்றில் எங்கே போனாலும் ஒரு நாள் போதாது.

பெரும்பாலோர் அங்கே குளிக்கப் போகிறார்கள். குளிக்கட்டும். அதற்கு முன் இரண்டு மணி நேரமும், பின் இரண்டு மணி நேரமும் கண்ணுக்கும் காதுக்கும் கொடுத்தால் அதே இடம் வேறு இடமாகிவிடும்.

நாளை இரண்டாகப் பிரியுங்கள்

பறவை பார்க்கப் போகிறவர்கள் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் பறவைகள் நிழலுக்குள் அடங்கிவிடும். தட்டானோ வெயில் ஏறினால்தான் எழும். அதன் பறக்கும் தசைகள் சூடேற வேண்டும். ஆகவே விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை பறவை, பத்திலிருந்து உச்சிப்பொழுது வரை தட்டான், நான்கு மணிக்கு மேல் மறுபடி பறவை என்று வைத்துக்கொண்டால் நாள் முழுவதும் பார்க்க ஏதாவது இருக்கும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். "இது என்ன?" என்று கேட்பதற்கு முன் "இது என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். பெயரைப் புத்தகத்தில் பிறகு தேடிக்கொள்ளலாம். அது செய்கிற காரியத்தை அந்த நேரத்தில் மட்டும்தான் பார்க்க முடியும்.

காலை: முதலில் காது

காட்டோரம் வந்ததும் நடக்காதீர்கள். ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நாம் வந்த சத்தத்தில் அடங்கிய உயிர்கள் மீண்டும் தம் வேலைக்குத் திரும்ப அவ்வளவு நேரம் ஆகும்.

பச்சைமலையின் அடிவாரம் முட்புதர்களும் இலையுதிர் மரங்களும் கலந்த வறண்ட காடு. புதருக்குள்ளிருந்து கலகலவென்று வெடிக்கும் குரல் வெண்புருவச் சின்னானுடையது. ஆளைக் காண்பது அரிது. இலைகளுக்கு இடையே மஞ்சளும் கறுப்புமாகத் தாவுவது மாம்பழச்சிட்டு. பழுப்பு உடலும் கறுப்புக் கொண்டையுமாக, சில ஆண்களுக்கு நீண்ட வாலுமாக, நிழலில் நெளிந்து போவது அரசவால் ஈப்பிடிப்பான்.

குளிர்காலத்தில் இன்னொன்றும் நடக்கும். இருபது நிமிடம் ஓர் அசைவும் இல்லாமல் இருக்கும் காட்டில், திடீரென்று தலைக்கு மேல் நாலைந்து வகைப் பறவைகள் ஒன்றாக வந்து இறங்கும். இது கலப்புக் கூட்டம். ஒன்று இலையடியில் புழு தேடும், ஒன்று பட்டையைக் கொத்தும், அவை கலைத்துவிடும் பூச்சியை மற்றொன்று காற்றிலேயே பிடிக்கும். பல கண்கள் காவலுக்கு இருப்பதால் வல்லூறு வந்தால் எல்லாவற்றுக்கும் சேதி போய்விடும். இந்தக் கூட்டம் கண்ணில் பட்டால் பின்னால் ஓடாதீர்கள். அது போகும் திசையைக் கவனித்து, சற்று முன்னே போய் நின்றால் தானாக உங்களைக் கடந்து செல்லும்.

ஐப்பசியில் தரையையும் பாருங்கள். ஆறுமணிக் குருவி அப்போதுதான் தெற்கே வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை நம் காடுகளிலும் இலங்கையிலும் கழிக்கும் பறவை இது. காலையிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று உடம்பெல்லாம் நிறம் இருந்தும், சருகைப் புரட்டி மேயும்போது கண்ணுக்குத் தெரியாது. சருகின் சத்தத்தைத் தொடர்ந்து போனால்தான் அகப்படும்.

வெயில்: தண்ணீர் ஓரத்தில் உட்காருங்கள்

தட்டான் பார்க்க நடக்கவே வேண்டாம். ஓடையோரப் பாறையில் உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி உட்கார்ந்தால் போதும்.

முதலில் இரு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது இறக்கைகளை விரித்து வைத்திருப்பது தட்டான். பெரும்பாலான தட்டான்களுக்குத் தலையை மூடினாற்போல் பெரிய கண்கள். இறக்கைகளை முதுகின்மேல் மடித்து வைத்து, இரு கண்களும் விலகி, உடம்பு மெலிந்திருப்பது ஊசித்தட்டான். சில ஊசித்தட்டான்கள் இறக்கையைப் பாதி விரித்தும் உட்காரும். அப்போது கண்களின் இடைவெளியைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

இனி ஒரே ஒரு தட்டானைத் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் அதை மட்டும் பாருங்கள். அது எழுந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பும். இன்னோர் ஆண் வந்தால் விரட்டும். அந்தக் குச்சியும் அதைச் சுற்றிய தண்ணீரும் அதன் எல்லை. நான்கு இறக்கைகளையும் தனித்தனியே இயக்கத் தெரிந்ததால் நின்ற இடத்திலேயே பறக்கும், சட்டென்று திரும்பும், பின்னோக்கியும் போகும். துரத்தும் இரையின் பின்னால் போகாமல், அது எங்கே வந்து சேரும் என்று கணித்து அங்கே முந்திப் போய் மறிக்கும். ஆய்வுக்கூடச் சோதனைகளில் பத்துக்கு ஒன்பது முறைக்கும் மேல் இரையைப் பிடித்திருக்கிறது. வேங்கைக்கும் சிங்கத்துக்கும் இந்த வெற்றி இல்லை.

உச்சி வெயிலில் வாலை நேராகச் சூரியனை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். வேடிக்கைக்காக அப்படி நிற்பதில்லை. உடம்பில் படும் வெயிலைக் குறைத்துக்கொள்ளும் வழி அது.

ஆணும் பெண்ணும் இணைந்து இதய வடிவ வளையமாக அமர்வதைப் பார்க்கலாம். பிறகு பெண் தண்ணீரை வாலால் தொட்டுத் தொட்டு முட்டையிடும். ஆண் மேலேயே சுற்றிக் காவல் காக்கும். ஊசித்தட்டானில் ஆண் பெண்ணின் கழுத்தைப் பிடித்தபடியே இருக்க, பெண் நீர்ச்செடியின் தண்டைக் கீறி முட்டையை உள்ளே வைக்கும். பொரிந்து வரும் இளம் உயிர் தண்ணீருக்குள்ளேயே வளரும். அங்கே கொசுப்புழுவும் தலைப்பிரட்டையும் அதன் தீனி.

எங்கே எது இருக்கிறது என்பதும் ஒரு சேதி. மலை ஓடையின் பாறையில் கருநீலத் தட்டானைக் காண்பீர்கள். அல்லியும் கோரையும் உள்ள குளத்தில், மஞ்சளும் கறுப்பும் சித்திரம் தீட்டிய இறக்கையோடு பட்டாம்பூச்சியைப் போலத் தத்திப் பறப்பது வேறொன்று. சாக்கடை கலந்த குட்டையிலோ இறக்கையில் ஆரஞ்சுத் தீற்றல் கொண்ட ஒரே வகை மட்டும் மொய்க்கும். அது அழுக்கைத் தாங்கும், மற்றவற்றில் பல தாங்கா. தண்ணீரின் நலத்தை அறியக் கருவி இல்லாதவர்களுக்குத் தட்டானே போதும்.

கடல் தாண்டும் கூட்டம்

மழைக்கு முன்னும் பின்னும் வயல்வெளியில் ஆளுயரத்துக்கு மேல் மஞ்சள் நிறத் தட்டான்கள் நூற்றுக்கணக்கில் சுற்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது பண்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற வகை. மாலத்தீவில் இருந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நல்ல தண்ணீர் தேங்காத அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் தட்டான்கள் திரளாக வருவதைக் கவனித்தார். அவை இந்தியாவிலிருந்து காற்றோடு இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். போய்த் திரும்பும் முழுப் பயணம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்; அதை நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கின்றன. அதே பருவத்தில் அதே கடலைக் கடக்கும் அமூர் வல்லூறு வழியில் இவற்றை உண்டு பசியாறக்கூடும் என்றும் அவர் கருதினார்.

பறவையையும் தட்டானையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதன் காரணம் இங்கே விளங்கும். மின்கம்பியில் இருக்கும் பஞ்சுருட்டான் பாய்ந்து தட்டானைப் பிடித்து, திரும்பி வந்து கம்பியில் அடித்து விழுங்கும். மழை பொய்த்தால் குட்டை இல்லை, குட்டை இல்லாவிட்டால் தட்டான் இல்லை, தட்டான் இல்லாவிட்டால் அந்தக் கம்பியில் பஞ்சுருட்டானும் இல்லை.

இன்னொரு நாள்: கரைவெட்டி

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். சுமார் 454 ஹெக்டேர் பரப்பு. மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் பாசன ஏரி இது. பறவைகள் சரணாலயமும் இதுவே. 2024 ஜனவரியில் முக்கிய ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

மார்கழி, தை மாதங்களில் வரித்தலை வாத்தை அங்கே தேடுங்கள். வெண்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து வரும்போது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. நத்தை குத்தி நாரையையும் பாருங்கள். மூடினாலும் நடுவே இடைவெளி விடும் அலகால் நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும். வயலில் நத்தையைக் குறைத்துத் தருவது அதுதான்.

கைக்கு என்ன வேண்டும்

8x42 இருநோக்கி தொடங்குகிறவர்களுக்குப் பொருந்தும். 8 என்பது எத்தனை மடங்கு அருகில் காட்டும் என்பது. 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டு மீட்டர் தூரத்திலும் தெளிவாகக் காட்டுகிறதா என்று பார்த்து வாங்கினால் தட்டானுக்கும் உதவும். இருநோக்கி இல்லாவிட்டாலும் தட்டான் பார்க்கத் தடையில்லை. தமிழில் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய பறவைகள் கையேடும், ப. ஜெகநாதனும் ஆர். பானுமதியும் எழுதிய தட்டான்கள், ஊசித்தட்டான்கள் கையேடும் க்ரியா வெளியீடாக வந்திருக்கின்றன. பையில் வைத்துக்கொள்ளும் அளவுதான்.

மங்கிய நிறத்தில் உடுத்துங்கள். காப்புக்காட்டுக்குள் போகும்முன் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். பறவையை வரவழைக்க அலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடாதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்ததாக எண்ணி அது தவிக்கும். கூட்டின் அருகே போகாதீர்கள். தட்டானைப் பிடித்து நூல் கட்டும் விளையாட்டைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தராதீர்கள். ஓடையில் சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம். முட்டையும் இளம் தட்டான்களும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கின்றன.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகமெங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எந்த இடத்திலும் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊர் ஏரிக்கரையில் பிள்ளைகளோடு போய் நில்லுங்கள். எண்ணி முடித்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடாமல் வெயில் ஏறும் வரை காத்திருந்து தட்டான்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.