சோறும் சொந்தப் பெயரும்: மூன்று தமிழ்ப் படைப்புகளிற் பராமரிப்பு

அறிவுத்திறன் குறைபாடுடையோர் தமிழ்ப் படைப்புகளில் இடம்பெறாதவர் அல்லர். பேதை, அப்பாவி, வெகுளி என்னும் பெயர்களில் அவர்கள் கதைகளிலும் திரைப்படங்களிலும் வந்துபோகின்றனர். அவர்கள்பால் இரக்கம் காட்டிய படைப்பாளிகள் பாராட்டப்பட்டும் உள்ளனர். ஆயின், வளர்ந்துவிட்ட அத்தகைய ஒருவர் யாருடன், எவ்வாறு வாழ்கிறார், அவருக்குக் கிடைக்கும் பராமரிப்பின் தரம் யாது என்ற வினாவை முன்வைத்து அப்படைப்புகள் நோக்கப்படுவது அரிது. அவ்வினாவை மூன்று படைப்புகளிடத்து எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அளவுகோலைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். அறிவுத்திறன் குறைபாடு மனநோயினின்றும் வேறானது. மனநோய் வாழ்வின் எக்கட்டத்திலும் தோன்றலாம், சிகிச்சையால் தணியலாம். முன்னையதோ இளமையிலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் உடன்வருவது. சமைத்தல், பணத்தை எண்ணுதல், பேருந்தேறுதல், பிறர் வஞ்சனையை உணர்தல் ஆகியவற்றில் ஒருவருக்கு எவ்வளவு துணை தேவையோ அவ்வளவை அளித்து, ஏனையவற்றை அவர் விருப்பத்துக்கே விடுவதை ஆதரவுடன் கூடிய வாழ்வு எனலாம். 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, எங்கு வாழ்வது, யாருடன் வாழ்வது என்பவற்றை ஏனையோரைப் போலவே இவர்களும் தெரிவுசெய்யலாம் என்கிறது. இலங்கை 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. ஆகவே உணவும் உறையுளும் பராமரிப்பின் தொடக்கம் மாத்திரமே. அதன் தரத்தைக் காட்டுவன தெரிவும் மதிப்புமாம்.

ஜெயகாந்தன் எழுதி, 1966இல் தாமே திரைப்படமாக்கிய 'யாருக்காக அழுதான்?' என்னும் குறுநாவலின் ஜோசப், தங்கும் விடுதியொன்றின் வேலையாள். ஆசிரியர் அவனுக்கு மருத்துவப் பெயர் எதனையும் சூட்டவில்லை. சூழவுள்ளோரே அவனைப் பேதையென நடத்துகின்றனர். செய்யாத திருட்டின் பழி அவன்மீது விழும்போது தன் பக்க நியாயத்தை எடுத்துரைக்க அவனால் இயலவில்லை. அவன் கண்ணீரில் வாசகர் நெஞ்சம் உருகுகிறது. உருக்கத்தோடு நின்றுவிடாது நோக்குமிடத்து வேறொன்று புலனாகும். அவனுக்கு வேலையுண்டு, சோறுண்டு, படுக்க இடமுண்டு. ஆயின் அவன் சார்பிற் பேசுவதைத் தம் கடமையாகக் கொண்டவர் எவருமிலர். ஒருவர் பரிந்து பேசுவாராயின் அது அவருடைய நல்லியல்பு. பிறர் நல்லியல்பையே நம்பியிருக்கும் பாதுகாப்பு எந்நேரமும் விலகிவிடக்கூடியது.

ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) பெரிதும் உடற்குறையுடைய இரவலர் பற்றியதாயினும் எமது வினாவுக்கு இன்றியமையாதது. போத்திவேலுப் பண்டாரம் அவர்களை 'உருப்படி' எனக் கணக்கிட்டு விற்கவும் வாங்கவும் செய்கிறான். அதே பண்டாரம் பக்தியும் பிள்ளைப்பாசமும் உள்ள குடும்பத் தலைவனாகப் படைக்கப்பட்டிருப்பதே நாவலின் வலிமை. உருப்படிகளுக்கும் சோறு கிடைக்கிறது. அவை உயிரோடு இருந்தாலன்றி வருவாய் இல்லை. உணவளித்தல் ஒன்றையே அளவாகக் கொள்வோமாயின் பண்டாரமும் பராமரிப்பாளனே. இதனைப் புனைவின் மிகை எனத் தள்ளிவிடுதற்கில்லை. மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுக்கும் உணவும் கூரையும் இருந்தன.

பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) வேறொரு காட்சியைத் தருகிறது. ஊரார் 'சப்பாணி' என அழைக்கும் வெகுளி இளைஞனிடம், அவ்வாறு அழைப்பவனை அறையுமாறும், தன் பெயர் கோபாலகிருஷ்ணன் எனச் சொல்லுமாறும் மயில் கூறுகிறாள். அறைதலை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அவள் அவனுக்காகத் தான் பேசாமல் அவனையே பேசவைக்கிறாள் என்பது கருதத்தக்கது. துணை என்பதன் இலக்கணம் அதுவே. அதேவேளை, அத்துணை முழுவதும் ஒரு பெண்ணின் அன்பிலேயே தங்கியுள்ளது. சிறை சென்றவனுக்காக இறுதியிற் காத்திருப்பவளும் அவளே. மயில் இல்லாத நாளில் அவன் நிலை யாதாகும் எனப் படம் வினாவவில்லை.

பராமரிப்பு உறவினதும் அன்பினதும் பொறுப்பு என்பது எம் சமுதாயத்தின் மரபான விடை. அவ்விடை போதாமையை மன்னார் மாவட்டத்துப் பெரியமடுவை எண்ணிப் பார்ப்போர் எளிதில் உணர்வர். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் முஸ்லிம் மக்களும் ஊரை இழந்தனர். 2009இற் போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் பரவலாக இயன்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஒரு குடும்பமே புத்தளத்திலும் மன்னாரிலுமாகப் பிரிந்து வாழ்தல் வடபுல முஸ்லிம்களிடையே வழமையாயிற்று. கிராமமொன்றில் அறிவுத்திறன் குறைந்த ஒருவரைப் பேணுவோர் பெற்றோர் மட்டுமல்லர். கடைக்காரர் மிச்சப்பணத்தைச் சரியாகக் கொடுப்பார். வழிதவறினால் அயலவர் வீட்டிற் கொண்டுவந்து விடுவர். குழறிய சொல்லின் பொருளும் அவர்களுக்கு விளங்கும். ஊர் சிதறும்போது அவர் இழப்பது தம் மொழியை அறிந்த அத்தனை பேரையுமாம். திரும்பி வரும் பெற்றோரோ முதுமை எய்தியிருப்பர். "எங்களுக்குப் பிறகு யார்?" என்ற அவர்தம் கேள்விக்கு அன்பு மாத்திரம் விடையாகாது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலை, கல்வி, பொதுவிடப் பிரவேசம் ஆகியவற்றிற் பாரபட்சத்தை விலக்கியது. பின்வந்த சமவாயம் வீட்டின் உள்ளும் நோக்கி, அங்கு நடைபெறும் வாழ்வு யாருடைய தெரிவு எனக் கேட்கிறது. மேற்கூறிய மூன்று படைப்புகளும் அவ்வாயில் வரை எம்மை அழைத்துச் செல்கின்றன: ஜோசப் இரக்கத்தின் போதாமையையும், உருப்படிகள் சோற்றின் போதாமையையும், கோபாலகிருஷ்ணன் தனியொருவர் அன்பின் போதாமையையும் உணர்த்துகின்றனர். வாயிலைக் கடந்த படைப்பு இனித்தான் வரவேண்டும். முதுமையெய்திய கோபாலகிருஷ்ணன், மயில் இல்லாத வீட்டில், வேண்டிய துணையுடன், தனக்குப் பிடித்த கறியைத் தானே தெரிந்து சமைத்துண்ணும் ஒரு சாதாரண நாளை அது கூறுமாயின், அதனை வரவேற்பது திறனாய்வின் கடமையாகும்.