சிலப்பதிகாரத்தில் முன்னுணர்த்தல், முரண், உயர்வு நவிற்சி: மதுரை எரியுண்ட நிகழ்வை முன்வைத்து

முன்னுரை

மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்ட சிலப்பதிகாரத்தில் மதுரை எரியுண்ட நிகழ்வு இரு வினாக்களை எழுப்புகிறது. ஒரு பெண்ணின் சினத்தால் மாநகர் எரிந்தது என்பது ஏற்கத்தக்கதா? அரசன் செய்த பிழைக்கு ஊர் எரிவது அறமாகுமா? முன்னுணர்த்தல், முரண், உயர்வு நவிற்சி ஆகிய மூன்று உத்திகளின் இயைபில் இவற்றுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

முன்னுணர்த்தல்

காப்பியக் கதை முழுவதையும் பதிகமே சுருக்கி உரைத்துவிடுகிறது. எனவே இளங்கோவடிகளின் முன்னுணர்த்தல் அடுத்து நிகழ்வது யாது என்னும் ஆவலைத் தூண்டுவதற்கு அமைந்ததன்று. கண்ணகி தேவந்தியிடமும், கோவலன் மாடலனிடமும், கோப்பெருந்தேவி பாண்டியனிடமும் தாம் கண்ட தீக்கனாக்களை உரைக்கின்றனர். மூவரும் உணர்ந்தும் எவரும் தப்பவில்லை. இவற்றுள் கண்ணகியின் கனா தனிக் கவனத்திற்குரியது. தம்மீது சுமத்தப்படும் பொய்ப்பழி, கோவலனுக்கு நேரும் தீங்கு, அரசன்முன் அவள் வழக்குரைத்தல், அரசனுக்கும் ஊருக்கும் உறும் கேடு ஆகிய அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. ஆகவே மதுரையின் அழிவு வஞ்சின மாலையில் திடீரெனத் தோன்றுவதன்று. ஒன்பதாம் காதையாகிய கனாத்திறம் உரைத்த காதையிலேயே அதற்கு வித்திடப்பட்டுவிட்டது.

முரண்

கற்போர் அறிந்ததைக் கதைமாந்தர் அறியாதிருக்கும் இடைவெளியில் முரண் பிறக்கிறது. கண்ணகிக்கு வரவிருக்கும் துயரை முன்னரே அறிந்தவள்போல் வையை மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்தாள் எனத் தற்குறிப்பேற்றமாகக் கூறுகிறார் ஆசிரியர். அத்துயருக்குரிய இருவருமோ அதனைப் பூக்கள் நிறைந்த புனலாகக் கண்டு வியந்து தொழுகின்றனர். ஒரே காட்சியில் முன்னுணர்த்தலும் முரணும் இணைகின்றன. கொலைக்களக் காதையில் இம்முரண் கூர்மை பெறுகிறது. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே காவலர்க்குக் களவு நூலின் நுட்பங்களை விளக்குகிறான். கோவலனின் தோற்றத்தைக் கண்டு கொலைத்தண்டத்திற்குரியவன் அல்லன் என ஐயுற்ற காவலரின் நல்லுணர்வு, உண்மைக் கள்வனின் சொல்வன்மைமுன் தோற்கிறது. ஆராயாது ஆணையிட்ட அரசனின் பிழை இங்கு முழுமையாக வெளிப்படுகிறது.

உயர்வு நவிற்சி

உயர்வு நவிற்சியை அதிசய அணி எனக் குறிக்கும் தண்டியலங்காரம், அது உலக வரம்பைக் கடவாமலும் சான்றோர் வியக்குமாறும் அமைதல் வேண்டும் என்கிறது. சொல்நிலைக்கு வகுக்கப்பட்ட இவ்வரம்பை நிகழ்ச்சிநிலைக்கும் பொருத்திக் காணலாம். இடமுலையைத் திருகி எறிந்து நகரை எரித்தல் இயற்கை இறந்த செயலேயாயினும், கண்ணகி அத்தீக்கு எல்லை வகுக்கிறாள். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விடுத்துத் தீயோரை மட்டும் சேருமாறு தீக்கடவுளை ஏவுகிறாள். அரசன் ஆராயாது கொன்றான். அவளோ சினத்தின் உச்சியிலும் தீயோரையும் அல்லாரையும் பகுத்தறிகிறாள். இப்பகுப்பே அம்மிகையை அறத்தின் வரம்புக்குள் நிறுத்துகிறது.

இதற்கு மறுதலையாக அமைவது நீர்ப்படைக் காதைச் செய்தி. வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என அது கூறுகிறது. குற்றவாளி ஒருவன், கொல்லப்பட்டோர் ஆயிரவர். இங்கு ஆராய்வும் இல்லை, விலக்கும் இல்லை. நெடுஞ்செழியன் ஒருவனுக்கு இழைத்த பிழையை அவன்பின் வந்தவன் ஆயிரமடங்காக இழைக்கிறான். காப்பியம் இதனைக் கண்டிக்கவில்லை. எனினும் அது முன்னர் நிறுவிய அறமே இச்செயலுக்கு எதிரான சான்றாகிறது.

முடிவுரை

முன்னுணர்த்தல் அழிவுக்குக் களம் அமைக்கிறது. முரண் அதற்கான காரணத்தைப் புலப்படுத்துகிறது. உயர்வு நவிற்சி அதன் அளவைக் காட்டுகிறது. கண்ணகி இட்ட தீயில் மூன்றும் இயைந்து நிற்பதால் அது ஏற்புடையதாகிறது. ஆயிரவர் பலியில் அறவரம்பு நீங்குவதால் மிகை வெறும் எண்ணிக்கையாகிவிடுகிறது. எனவே உயர்வு நவிற்சியை அதன் அளவு கொண்டு மதிப்பிடுதல் போதாது. அதற்கு வரம்பிடும் அறத்தையும் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.