ஊகோவின் கல் முகம்

ஃபெர்னாண்டோ டி லியோவின் 'மிலானோ காலிப்ரோ 9' (1972) படத்தில் 3 ஆண்டு சிறைவாசம் முடிந்து வெளியே வருகிறான் ஊகோ. முதலாளியின் 3 லட்சம் டாலரை அவன்தான் அமுக்கிவிட்டான் என்று கூட்டமே நம்புகிறது. எவ்வளவு அடித்தாலும் 'நான் எடுக்கல' என்கிறான். காஸ்தோனே மொஸ்கினின் கல் முகத்தில் உண்மையா பொய்யா என்று ஒன்றும் பிடிபடாது. படமே அந்த முகத்தை நம்பித்தான் நிற்கிறது.

ஆனால் அந்தப் போலீஸ் காட்சிகள் இருக்கே! இடதுசாரி அதிகாரியும் வலதுசாரி அதிகாரியும் பணக்காரன், ஏழை, சட்டம் என்று மேடைப்பேச்சாகப் பேசித் தள்ளுகிறார்கள். கதை அங்கேயே படுத்துவிடுகிறது. அன்றைய இத்தாலி கொந்தளித்துக்கொண்டிருந்தது உண்மைதான். அதைக் காட்ட தொடக்கமே போதுமே: பொட்டலம் ஒவ்வொரு கையாக மாறிப் போகிறது, பிரித்தால் வெற்றுத்தாள், கொண்டுவந்தவர்களைக் கட்டிப்போட்டு வெடி வைத்துக் கொல்கிறார்கள். பக்காலோவின் இசை கூடவே ஓடிவருகிறது.

பார்பரா புஷேயை ஆடவிட்டதோடு சரி. நெல்லி என்ன நினைக்கிறாள் என்று படம் கேட்கவே இல்லை. அதனால் கடைசியில் அவள் செய்யும் துரோகம் எனக்கு ஒட்டவில்லை.

ஒட்டியது ரோக்கோதான். படம் முழுக்க ஊகோவை மிதித்தவன், ஊகோ எல்லாரையும் ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்தபிறகு, அவனுக்காகவே வெறிபிடித்துக் கத்துகிறான். மரியோ அடோர்ஃப் அங்கே நடிக்கிற மாதிரியே தெரியவில்லை.