31 வாக்குகள்

மலேசியாவின் ஸ்கூடாயில் ரினி தோட்டம் இருந்த இடம் இன்று முத்தியாரா ரினி என்ற வீடமைப்புப் பகுதி. பால்மரங்கள் போய்விட்டன. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூனில் வந்த அவசரகாலத்தின் நிழல் மட்டும் முழுதாக விலகவில்லை. கம்யூனிஸ்ட் என்ற சொல்லை மூத்தவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்தியே சொல்கிறார்கள். அதனால் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு என்றதும் இங்குள்ளவர் மனத்தில் காடும் ரகசியமும் காட்டிக்கொடுத்தலும்தான் எழும்.

அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டு. மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் லாய் தெக் பிரிட்டிஷாருக்கு உளவாளி. ஜப்பானியர் வந்தபின் அவர்களுக்கும் உளவாளி. 1942 செப்டம்பர் 1 அன்று பத்துமலை அருகே கூடியிருந்த கட்சித் தலைவர்களை ஜப்பானியப் படை விடியலில் சுற்றி வளைத்துக் கொன்றது. வரவேண்டிய லாய் தெக் வரவில்லை. அதன் பிறகும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவரே தலைவர். 1947 மார்ச்சில், மத்தியக் குழு அவரை விசாரிக்கவிருந்த வேளையில்தான் தப்பி ஓடினார். இதை ஒரு தனிமனிதனின் துரோகம் என்று முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தலைமறைவுக் கட்சியில் ஒருவரைப் பற்றி மற்றவருக்கு அதிகம் தெரியக்கூடாது. அது உயிர் காக்கும் விதி. அதே விதிதான் அவருக்குக் கவசமாயிற்று. மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் சோதிக்க வழியே இல்லை.

சரி, கட்சி வெளிச்சத்துக்கு வந்து, வாக்குப் பெற்று, ஆட்சியும் நடத்தினால் இந்த அமைப்பு எப்படி இயங்கும்? அதற்கு இந்தியாவில் மேற்கு வங்கத்தையும் கேரளத்தையும் ஆண்ட மார்க்சிஸ்ட் கட்சியைத்தான் பார்க்க வேண்டும். மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மத்தியக் குழு அரசியல் தலைமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். உள்ளே எவ்வளவும் வாதாடலாம்; முடிவான பின் வெளியே ஒரே குரல். இதற்கு ஜனநாயக மத்தியத்துவம் என்று பெயர். 1964இல் அமைந்த முதல் தலைமைக் குழுவின் ஒன்பது பேரில் தமிழகத்தின் பி. ராமமூர்த்தியும் ஒருவர்.

இந்த முறையின் உயர்வை 1996 மே மாதம்போல் வேறெந்தத் தருணமும் காட்டவில்லை. ஐக்கிய முன்னணி என்ற கூட்டணி மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவைப் பிரதமராக்க விரும்பியது. பொதுச் செயலாளர் சுர்ஜீத்தும் பாசுவும் ஏற்கலாம் என்றனர். மத்தியக் குழுவின் பெரும்பான்மை மறுத்தது. ஏறத்தாழ 19 ஆண்டுகள் முதல்வராக இருந்தவர், பிரதமர் நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, குழுவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். பிறகு அதை வரலாற்றுப் பிழை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் கட்சியை உடைக்கவில்லை. முடிவு தவறு என்பதே என் கருத்தும். 2000இல் கட்சியே தன் திட்டத்தைத் திருத்தி, மத்திய அரசில் பங்கேற்பதைப் பரிசீலிக்க இடம் வைத்தது. ஆயினும் தலைவரைவிடக் குழு பெரிது என்று மெய்ப்பித்த அந்த முறையை நான் மதிக்கிறேன். நம் அரசியலில், மலேசியத் தமிழர் கட்சிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தலைவரின் ஆசைக்கு எதிராக ஒரு குழு கை உயர்த்தி வெல்வது எத்தனை அரிது!

அதே முறை ஆட்சியோடு மோதும்போது சிக்கல் வேறு. 2007 மே மாதம், ஒருவரை ஒருவர் வெளிப்படையாக விமர்சித்ததற்காகக் கேரள முதல்வர் அச்சுதானந்தனையும் மாநிலச் செயலாளர் பினராயி விஜயனையும் தலைமைக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். 2008இல் மக்களவைத் தலைவர் சோம்நாத் சாட்டர்ஜி, பதவி விலகும்படி கட்சி சொன்னதை ஏற்காததால் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவைத் தலைவர் எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவானவர். ஒரு கட்சியின் குழு அவரை ஆட்டுவிக்கலாமா? கூடாது என்பேன்.

அதைவிட ஆழமான குறை மேற்கு வங்கத்தின் நந்திகிராமில் தெரிந்தது. 2007 மார்ச் 14 அன்று, நிலம் எடுப்பதை எதிர்த்த கிராமத்தார் 14 பேர் போலீஸ் நடவடிக்கையில் மாண்டனர். உழவருக்காகப் பேசும் கட்சியின் ஆட்சியில் உழவர் சாவு. டில்லியில் கூடும் குழுவுக்கு வங்கத்து நிலவரத்தைச் சொல்பவர்கள் வங்கத் தலைவர்களே. குழுவில் வலுவாக இருந்தவர்களும் அவர்களே. தன் சொந்த அரசைத் தானே தட்டிக்கேட்கும் வலு அந்தக் குழுவுக்கு இருக்கவில்லை. வங்கத்தில் 34 ஆண்டு ஆட்சி 2011இல் முடிந்தது. ஒழுங்கு இருந்தது, கீழிருந்து வரும் கசப்பான செய்திக்குப் பாதை இல்லை. லாய் தெக்கின் கட்சிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு என்றாலும், அடைபட்ட இடம் ஒன்றுதான்.

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் உச்சத்தில் இருக்கும் நிலைக்குழுவின் ஏழு பேர் யார் என்பது, அவர்கள் மேடையில் வரிசையாக நடந்து வரும்போதுதான் நாட்டுக்குத் தெரிகிறது. அங்கே கேட்பதற்கே இடமில்லை. மார்க்சிஸ்ட் கட்சியில் கொஞ்சமாவது உண்டு.

2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த அக்கட்சியின் 24ஆம் மாநாட்டில் 85 பேர் கொண்ட மத்தியக் குழுவுக்கு, வழக்கம்போல் பழைய குழுவே பட்டியல் தயாரித்தது. மகாராஷ்டிரத்தின் டி.எல். கராத் பட்டியலை எதிர்த்துத் தாமே போட்டியிட்டார். 31 வாக்குகள் கிடைத்தன, தோற்றார். அபூர்வமாக நடந்த அந்தப் போட்டியைக் கட்சி சங்கடமாகக் கருதத் தேவையில்லை. அவர் ஏன் நின்றார், 31 பேர் எதற்காக அவருக்கு வாக்களித்தார்கள் என்பதை ஒவ்வொரு கிளைக்கும் அச்சிட்டு அனுப்பட்டும்.